மனையில் தண்ணி நிக்குமா? டெல்டாக்காரர்கள் வரைபடம் பார்க்கும் முறை

போன புரட்டாசியில் அக்கா மகன் போன் பண்ணினான். மயிலாடுதுறைக்கு வெளியே ஒரு மனை பார்த்திருக்கிறானாம். "மாமா, ரோட்டுக்கு மேல ஒரு அடி உசத்தி மண்ணடிச்சிருக்காங்க, தண்ணியே நிக்காதுன்னு புரோக்கர் சொல்றார். நீங்கதான் மேப்பெல்லாம் பாப்பீங்களே, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க." லொகேஷன் அனுப்பு, சர்வே நம்பரும் அனுப்பு என்றேன். அன்று ராத்திரி உட்கார்ந்து நான் பார்த்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மனை வாங்குகிறவருக்கு மட்டும் இல்லை, தெருவில் வருஷாவருஷம் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்று மனு எழுதுகிற நலச் சங்கத்துக்காரர்களுக்கும் இதே வேலைதான். எல்லாமே இலவசமாகக் கிடைக்கிற கருவிகள். ஒரு லேப்டாப் இருந்தால் நல்லது, போனிலேயே பாதி முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் "இந்த இடம் மேடா பள்ளமா" என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். மேடாவது பள்ளமாவது, விழுந்த தண்ணீர் எந்த வாய்க்காலில் இறங்கி, எந்த மதகைத் தாண்டி, எந்த ஆற்றில் சேர்கிறது என்று தெரிய வேண்டும். அந்தப் பாதை திறந்திருந்தால் பள்ளத்து வீடும் இரண்டு மணி நேரத்தில் காயும், அடைத்திருந்தால் மேட்டு வீட்டிலும் மூன்று நாள் நிற்கும். ஆகவே கீழே வருகிற ஒவ்வொரு கருவியையும் அந்தப் பாதையைத் தேடத்தான் திறக்கப் போகிறோம்.

உயரப் படத்தை நம்பி நான் பட்டது

வெள்ள வரைபடம் என்றதும் எல்லாரும் முதலில் ஓடுவது உயரப் படத்துக்கு. நானும் ஓடினேன். நாசா 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசம். கியூஜிஐஎஸ் என்கிற மென்பொருளும் இலவசம். இரண்டையும் சேர்த்துத் தாழ்வான இடம் நீலம், மேடு சிவப்பு என்று வண்ணம் அடித்து, ஏ3 தாளில் பிரிண்ட் போட்டுக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். பெரிய பெருமை. அந்தக் காலத்தில் நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். சிவப்பாக இருந்த ஓர் இடத்தில் விரலை வைத்து, "தம்பி, இது மேடு இல்ல. என் தென்னந்தோப்பு" என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த ரேடார் தரையைப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் மரத்தின் மேல்பகுதியையும் கூரையையும்தான் பார்க்கிறது. ஆற்றங்கரை மூங்கில், தோப்பு, மாடிவீடு எல்லாம் குன்றாகிவிடும். அதோடு அந்தத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர், அதற்குள் எத்தனை மேடு பள்ளம் இருந்தாலும் ஒரே ஓர் எண், அதுவும் முழு மீட்டரில். கும்பகோணம் கடல் மட்டத்துக்குச் சுமார் 25 மீட்டர் மேலே இருக்கிறது, அங்கிருந்து கடலுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு அரை மீட்டர்தான் சரிவு. இப்படித் தட்டையான ஊரில், ஒரு மீட்டருக்குக் கீழே எண்ணத் தெரியாத தரவு, பிழையோ அதைவிடப் பல மடங்கு. மலையடிவாரத்து ஊருக்கு அது வேலை செய்யும், நமக்கு வேலை செய்யாது.

இதைவிடப் புதியது ஐரோப்பாக்காரர்களின் கோப்பர்நிக்கஸ் உயரத் தரவு. அதிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் கழித்துப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் ஃபேப்டெம் என்று ஒன்று செய்திருக்கிறார்கள். உயரப் படம் கட்டாயம் வேண்டும் என்றால் அதை எடுங்கள். அதையும் ஊர், தாலுகா அளவில் "பொதுவாக எந்தத் திசையில் சாய்கிறது" என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்லாது. அதற்கு வேறு கருவி இருக்கிறது, பின்னால் வருகிறது, விலை இருநூறு ரூபாய்க்குள்.

கடிகாரப் பொத்தானைத் தட்டுங்கள்

கூகுள் எர்த் ப்ரோவைக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள், 2015 முதல் காசில்லை. உங்கள் இடத்துக்குப் போய், மேலே கடிகாரம் போல இருக்கும் பொத்தானைத் தட்டினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வருஷ வாரியாக வரும். இப்போது பிரவுசரிலும் போனிலும்கூட வருகிறது, ஆனால் கணினியில் பார்ப்பதுதான் கண்ணுக்கு வசதி. தெளிவான படம் நம் ஊர்களுக்குப் பெரும்பாலும் 2000-களில்தான் தொடங்கும். பரவாயில்லை, டெல்டாவில் மனைப்பிரிவுகள் மளமளவென்று பெருகியதும் அதற்கு அப்புறம்தான்.

முதல் தெளிவான படத்தில் நின்றுகொண்டு மெதுவாகப் பாருங்கள். வயல்களுக்கு நடுவே மெல்லிய கரும்பச்சைக் கோடு வளைந்து வளைந்து போகும். வரப்பு நேராகப் போகும், வாய்க்கால் வளையும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கோட்டின் இரண்டு பக்கமும் புதரோ பனையோ இருக்கும். அந்தக் கோட்டின் மேலேயே பாதை வரையும் கருவியால் ஒரு கோடு போட்டுச் சேமியுங்கள். இப்போது ஸ்லைடரை இந்த வருஷத்துக்கு இழுங்கள். உங்கள் கோடு எங்கெல்லாம் தார் ரோட்டின் மேல், வீட்டுக் கூரையின் மேல், கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தும் இடத்தின் மேல் போகிறதோ, அதுதான் உங்கள் முதல் வெள்ள வரைபடம். எந்த மென்பொருளும் கணக்குப் போட்டுத் தராத வரைபடம்.

மாசம் பார்ப்பது முக்கியம். ஏப்ரல், மே படத்தில் வாய்க்காலும் தரிசும் ஒரே பழுப்பு, ஒன்றும் பிரியாது. டிசம்பர் கடைசி, ஜனவரி, பிப்ரவரிப் படம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேகம் விலகியிருக்கும், குளத்தில் தண்ணீர் இருக்கும், எது குளம் எது குளமாக இருந்து தூர்ந்த இடம் என்று பளிச்சென்று தெரியும். ஒரே பச்சையாக மூடியிருந்தால் புல்வெளி என்று நினைத்துவிடாதீர்கள், ஆகாயத்தாமரையாக இருக்கும்.

இன்னும் பழைய படம் வேண்டுமென்றால் இரண்டு வழி. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் அமெரிக்க ராணுவம் 1950-களில் அச்சிட்ட இந்திய வரைபடத் தாள்கள் இருக்கின்றன. சர்வே ஆஃப் இந்தியா தளத்திலும் 1:50,000 அளவு தாள்களைப் பதிவு செய்து இறக்கலாம். ராணுவத் தாள் 1:2,50,000 அளவு, உங்கள் தெரு வாய்க்கால் அதில் இருக்காது. ஆனால் பெரிய வடிகால் எது, எந்த ஆறு எங்கே பிரிகிறது என்று மனசில் ஒரு எலும்புக்கூடு நிற்கும். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவது, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிவது, அப்புறம் அரசலாறு, வெட்டாறு, வீரசோழன் என்று கிளை கிளையாகப் போவது. உங்கள் வடிகால் கடைசியில் இவற்றில் எதில் விழுகிறது என்று கண்டுபிடித்து எழுதி வையுங்கள். பலருக்கு அது தெரியாது, கேட்டால் "அந்தப் பக்கமா எங்கேயோ போகுது" என்பார்கள்.

படத்தோடு தெருப் பெயரையும் பாருங்கள். மேட்டுத் தெரு, குளத்தங்கரைத் தெரு, வாய்க்கால் கரை என்று நம் ஆட்கள் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு நேர் எதிர், பூவின் பெயரிலும் சாமி பெயரிலும் "நகர்" என்று முடியும் மனைப்பிரிவுகள், அவற்றில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

காகிதத்தில் வாய்க்கால் இருக்கிறதா

வானத்திலிருந்து பார்த்ததைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். தமிழக அரசின் இணைய நிலப் பதிவேட்டுத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் கொடுத்தால் அ-பதிவேட்டு (எந்த நம்பர் என்ன வகை நிலம் என்கிற பதிவேடு) விவரம் வரும், அந்த நிலத்தை அளந்து வரைந்த புலப்படமும் வரும். நஞ்சையா புஞ்சையா, பட்டாவா புறம்போக்கா என்று அ-பதிவேட்டில் இருக்கும். உங்கள் நம்பரை மட்டும் போடாமல் சுற்றியுள்ள எட்டுப் பத்து நம்பரையும் போட்டுப் பாருங்கள், அங்கேதான் "வாய்க்கால்", "குளம்" என்று சிக்கும். புலப்படத்தில் இரண்டு கோடு நெருக்கமாக இணையாகப் போனால் அது பாதையாகவோ வாய்க்காலாகவோ இருக்கும், அளவு எழுதியிருக்கும், ஸ்கேல் வைத்துக் கணக்குப் போடலாம். நகர நில அளவை முடிந்த வார்டுகளுக்கு நம்பர் முறை வேறு, தளத்தில் கிராமப்புறம், நகர்ப்புறம் என்று தனித்தனியாகக் கேட்கும். நகர நம்பரைக் கிராமப் பகுதியில் போட்டுவிட்டு "ரெக்கார்டே இல்லை" என்று நான் ஒரு வாரம் அலைந்தேன்.

இஸ்ரோவின் புவன் தளத்தையும் ஒரு தடவை திறந்துவிடுங்கள். 2005-06, 2011-12, 2015-16 என்று மூன்று காலத்து நிலப் பயன்பாட்டுப் படம் இருக்கிறது. தெரு அளவுக்கு உதவாது, ஆனால் நகராட்சியைச் சுற்றி எவ்வளவு வயல் கட்டடமானது என்று ஒரே பார்வையில் காட்ட நல்லது.

ரேடார் படம்: டெல்டாவில் ஏமாற்றும் இடம்

மழைக்காலத்தில் சாதாரண செயற்கைக்கோள் படத்தில் வெள்ளை மேகம்தான் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் என்பதால் மேகத்துக்கும் இருட்டுக்கும் பயப்படாது. கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்று தேடினால் தளம் வரும், இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள். ஊரைப் பெரிதாக்கி, சென்டினல்-1-ஐத் தேர்ந்து, காலண்டரில் படம் இருக்கிற தேதியைத் தட்டி, விவி என்கிற அடுக்கைப் போடுங்கள். அசையாத தண்ணீர் கறுப்பாகத் தெரியும். கண்ணாடி போல இருக்கிற நீர்ப்பரப்பில் பட்ட ரேடார் கதிர் அந்தப் பக்கமே தெறித்துப் போய்விடுகிறது, செயற்கைக்கோளுக்குத் திரும்புவதில்லை, அதனால் கறுப்பு.

இங்கேதான் வெளியூர் நிபுணர்களே சறுக்குவார்கள். மே மாதத்துப் படத்தையும் அக்டோபர் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை வெள்ளத்தில் மூழ்கியது போலத் தெரியும். வெள்ளம் எங்கே வந்தது? நடவு வயல். சம்பா நட்டு, தாளடி நட்டு, வயலில் தண்ணீர் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நாற்று வளர்ந்து மூட மூடக் கறுப்பு வெளுத்துக்கொண்டே வரும். ஆகவே கோடையோடு ஒப்பிடாதீர்கள். அதே வாரம் போன வருஷம் எப்படி இருந்தது, அதற்கு முந்தின வருஷம் எப்படி இருந்தது என்று ஒப்பிடுங்கள். எல்லா வருஷமும் கறுப்பு என்றால் அது வயல். ஒரே ஒரு வருஷம் மட்டும் கறுப்பு, அதுவும் வரப்பு, ரோடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மைக்கறையாக இருந்தால், அதுதான் வெள்ளம்.

பழகிப் பார்க்க 2022 ஆகஸ்ட்டை எடுங்கள். மேட்டூர் நிறைந்து கொள்ளிடத்தில் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கனஅடி வரை போன சமயம். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் பக்கம் பாருங்கள். கொள்ளிடத்தின் கரைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர்கள், அங்கே கறுப்பு என்றால் சந்தேகமே வேண்டாம்.

அதே வருஷம் நவம்பரில் சீர்காழியில் 24 மணி நேரத்தில் 44 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். அதை ரேடாரில் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சென்டினல்-1 இரட்டையில் ஒன்று 2021 டிசம்பரிலேயே பழுதாகிவிட்டது, அப்போது மிச்சமிருந்த ஒன்று ஒரே பாதையில் திரும்ப வர 12 நாள் எடுத்தது. மழை ஒரு நாள், செயற்கைக்கோள் இன்னொரு நாள். நடுவில் வடிந்த தண்ணீர் அதன் கண்ணில் படாது. படத்தில் இல்லை என்பதால் வெள்ளம் வரவில்லை என்று யாராவது அடித்துப் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வீடுகள் நெருங்கிய தெருவுக்குள் இந்த ரேடார் குருடு. சுவரிலும் தரையிலும் பட்டு எதிரொலித்து எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும், கீழே முழங்கால் தண்ணீர் நின்றாலும். ஊருக்கு வெளியே வயல்வெளிக்கு ரேடார், ஊருக்குள்ளே ஆளும் டேப்பும்தான். மழை விட்ட மறுநாள் சுவரில் நீர்க்கறை அழிவதற்குள் போய், ரோட்டிலிருந்து கறை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். இடமும் தேதியும் படத்திலேயே பதிகிற கேமரா ஆப் பல இருக்கின்றன. இருபது வீட்டுச் சுவர் போதும். பழைய வெள்ளத்துக்கு வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். "கேஸ் அடுப்பு மேடை வரைக்கும்", "கோலம் போடுற படி மூணும் முங்கிச்சு" என்று துல்லியமாகச் சொல்வார்கள், அந்தப் படியை அளந்தால் எண் கிடைத்துவிடும். ஆண்கள் "இடுப்பளவு" என்பார்கள், யார் இடுப்பு என்று கேட்க முடியாது.

வாய்க்காலை வரைபடத்தில் ஏற்றுவது

இத்தனையும் உங்கள் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் பயன் குறைவு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம், பல ஆப்களும் நிவாரணக் குழுக்களும் அதைத்தான் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். கணக்குத் தொடங்கி, திருத்து என்று கொடுத்தால் பின்னால் செயற்கைக்கோள் படம் வரும், அதன் மேல் கோடு போட வேண்டியதுதான். இரண்டு விதி. முதலாவது, தண்ணீர் ஓடும் திசையிலேயே கோட்டை இழுக்க வேண்டும். தலைமடையில் தொடங்கிக் கடைமடையில் முடியுங்கள். திசை மாறிப் போட்டால் வரைபடத்தில் தண்ணீர் மேட்டுக்கு ஏறும். இரண்டாவது, ரோட்டுக்கு அடியில் குழாயாகவோ பாலமாகவோ போகிற துண்டைத் தனியாக வெட்டி அதற்குக் கல்வெர்ட் என்று குறி போடுங்கள். நமக்கு வேண்டியதே அந்தத் துண்டுகள்தான். மற்றபடி கூகுள் தளத்திலிருந்து பார்த்து இங்கே காப்பி அடிக்கக் கூடாது, உரிமைப் பிரச்சினை. நேரில் நடந்து பார்த்தது, அந்தத் திருத்தும் பக்கத்தில் பின்னணியாக வருகிற படம், இவற்றிலிருந்து வரையுங்கள்.

வரைவதற்கு முன்னால் பாசன வாய்க்காலையும் வடிகாலையும் பிரிக்கத் தெரிய வேண்டும். பாசன வாய்க்கால் வயலைவிட மேட்டில் ஓடும், இல்லையென்றால் வயலுக்கு எப்படிப் பாயும்? வடிகால் வயலுக்குக் கீழே ஓடும். மனைப்பிரிவு போடுகிறவர்கள் பக்கத்தில் எது கிடைத்தாலும் அதில் சாக்கடையைத் திருப்பிவிடுகிறார்கள். அது பாசன வாய்க்காலாக இருந்தால், முறை வந்து தண்ணீர் விடுகிற நாளில் அது ஏற்கெனவே தளும்பி ஓடும். உங்கள் தண்ணீர் அதில் இறங்காது, அதன் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வரும்.

குழாய்க்கு ஒரு கணக்கு

கல்வெர்ட் குறி போட்டாயிற்று. அது போதுமா என்று ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர். பத்து ஏக்கர் மனைப்பிரிவுக்கு 40 லட்சம். ஐப்பசி கார்த்திகையில் நம் களிமண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும், உறிஞ்சாது. இப்போது ஒரு அடி விட்டமுள்ள சிமென்ட் குழாய், அதில் தண்ணீர் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நிறைந்து ஓடுவதாக வையுங்கள், விநாடிக்கு ஏறக்குறைய 36 லிட்டர். 40 லட்சத்தை 36-ஆல் வகுத்தால் 30 மணி நேரத்துக்கு மேல் வருகிறது, அதுவும் பிளாஸ்டிக் பை எதுவும் அடைக்காமல் இருந்தால். அதே இடத்தில் இரண்டு அடிக் குழாய் போட்டால் பரப்பு நான்கு மடங்கு, அதே வேகத்துக்கு ஏழெட்டு மணி நேரத்தில் வேலை முடியும். என்ஜினீயர் இதைவிட நுணுக்கமாகப் போடுவார், ஆனால் கூட்டத்தில் பேச இந்த எண் போதும். "குழாய் சின்னது" என்று சொல்வதற்கும் "30 மணி நேரம் ஆகும்" என்று சொல்வதற்கும் எதிரில் இருப்பவர் முகத்தில் வித்தியாசம் தெரியும்.

இருநூறு ரூபாய்க் கருவி

முன்னால் சொன்னேனே, அது கொத்தனார் வைத்திருக்கிற டியூப் லெவல்தான். இருபது மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் நிரப்பி இரண்டு சொட்டு நீலம் விட்டால் மட்டம் நன்றாகத் தெரியும். குமிழி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது, இருந்தால் அளவு பொய். ஒருவர் சாக்கடை தொடங்குகிற இடத்தில் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் அடுத்த முனையோடு கல்வெர்ட் பக்கம் நடக்க வேண்டும். இரண்டு முனையும் திறந்திருக்கட்டும், பாதிப் பேர் கட்டைவிரலை எடுக்க மறந்துவிடுவார்கள். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு பக்கமும் நீர் மட்டத்திலிருந்து கீழே சாக்கடைத் தரை வரை டேப்பால் அளக்க வேண்டும். முதல் முனையில் 82, அடுத்ததில் 85 என்றால் இந்த இருபது மீட்டரில் 3 சென்டிமீட்டர் இறக்கம், நல்லது. எதிர்மாறாக வந்தால் சாக்கடை மேட்டை நோக்கிப் போகிறது. இப்படியே தாவித் தாவிக் கல்வெர்ட் வரை போய், நோட்டில் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேர் சேர்ந்து செய்தோம். ஒன்பது தாவல். கடைசியில் ரோட்டுக்கு அடியில் போகிற குழாயின் அடிமட்டம் எங்கள் சாக்கடைத் தரையைவிட 14 சென்டிமீட்டர் மேலே இருந்தது. அதாவது முதல் 14 சென்டிமீட்டர் தண்ணீர் எப்போதுமே போகாது, கொசு வளர்க்கும். குழாய் பதித்தபோது யாரும் மட்டம் பார்க்கவில்லை. விண்வெளியிலிருந்து எடுத்த எந்தத் தரவிலும் அந்த 14 தெரியாது.

மழை நாளில் எதைத் திறப்பது

மேலே சொன்னதெல்லாம் கோடையில் உட்கார்ந்து செய்கிற வேலை. மழை பிடித்துக்கொண்ட பிறகு திறக்க வேண்டியது கொஞ்சம்தான். வானிலைத் துறைத் தளத்தில் காரைக்கால் ரேடார் படம், அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு. தமிழக அரசின் டிஎன் அலெர்ட் ஆப், எச்சரிக்கைக்கு. ஆற்றுக்கு மத்திய நீர் ஆணையத்தின் ஃப்ளட்வாட்ச் இந்தியா ஆப், 2023-இல் வந்தது. கூகுளின் ஃப்ளட் ஹப்பும் சில நாள் முன்னதாகக் கணிப்பு தருகிறது. ஆனால் காவிரியில் ஷட்டரைத் தூக்குவது மனிதர்கள் எடுக்கிற முடிவு, அதனால் நான் மேட்டூரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்ற செய்தியைத்தான் முதலில் பார்ப்பேன். விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி, இதை மனசில் வைத்துக்கொண்டால் செய்தி புரியும். பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீர் மேட்டூரிலிருந்து கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும், பெருவெள்ளம் அதைவிட வேகமாக வரும். பெரும் உபரி கொள்ளிடத்தில்தான் போகும் என்பதால் ஊர்த் தெருவில் நிற்பது பெரும்பாலும் உள்ளூர் மழை. ஆனால் ஆறு தளும்பிப் போகிற நாளில் அதே மழை விழுந்தால் வடிகால் ஆற்றில் இறங்காமல் முட்டிக்கொண்டு நிற்கும். கடலோரம் என்றால் இதோடு கடல் ஏற்ற நேரத்தையும் பாருங்கள், முகத்துவாரத்தில் அதே முட்டல்தான்.

கடல் மட்டம் உயர்ந்தால் எந்த ஊர் வரை வரும் என்று காட்ட கிளைமேட் சென்ட்ரல் அமைப்பின் கடலோர வரைபடம் இருக்கிறது. 2030, 2050, 2080 வெள்ள அபாயத்துக்கு அக்விடக்ட் ஃப்ளட்ஸ் என்று ஒன்று. இரண்டும் பெரிய அளவுப் படங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நீலமாகத் தெரிவதைப் பார்த்து வீட்டை விற்கக் கிளம்ப வேண்டாம், மனுவின் முதல் பத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கும் ஒரு வார்த்தை. லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்களில் தரையின் சூட்டை அளக்கிற பட்டை இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் எட்டு நாளைக்கு ஒரு படம். ஏப்ரல், மே மாதத்தில் மேகமில்லாத நாளை எடுத்துக் குளம், தோப்பு, பஸ் ஸ்டாண்ட், தகரக் கொட்டகை என்று ஒப்பிடலாம். அது தரையின் சூடு, நாம் உணர்கிற காற்றின் சூடு இல்லை, ஆகவே எண்ணை விட்டுவிட்டு எது எதைவிட அதிகம் என்று மட்டும் பாருங்கள். தூர்த்துக் கட்டடமான குளங்களை வெள்ள வரைபடத்தில் குறித்திருப்பீர்களே, அவற்றை இதன் மேல் வைத்துப் பாருங்கள். சில இடத்தில் இரண்டு வரைபடமும் ஒரே புள்ளியைக் காட்டும்.

மனுவாக்குவது

கூகுள் மை மேப்ஸிலோ யூமேப்பிலோ ஒரே வரைபடத்தில் நான்கு விஷயம் மட்டும் வையுங்கள்: பழைய வாய்க்கால் கோடு, இப்போது இருக்கிற வடிகால், கல்வெர்ட்டுகள், சுவர்க்கறைப் புள்ளிகள். ஒவ்வொரு கல்வெர்ட்டைத் தட்டினாலும் அதன் போட்டோ, விட்டம், டியூப் லெவல் எண் வர வேண்டும். வண்ணம் அடித்து அழகு பார்க்காதீர்கள், நான் அடித்துக் கெட்டவன். பகுதி சபைக் கூட்டத்துக்கும் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கும் இதை ஒரே தாளில் பிரிண்ட் எடுத்து, சர்வே நம்பர்களைப் பேனாவால் எழுதிக் கொண்டு போங்கள். அதிகாரிக்கு சர்வே நம்பர்தான் பாஷை. அப்புறம் கிடைக்கிற மனு ரசீது எண்ணையும் அந்தக் கல்வெர்ட் புள்ளியிலேயே தேதியோடு ஏற்றிவிடுங்கள். நாம் கொடுத்த தாள் யாரிடம் இருக்கிறது என்று அடுத்த வருஷம் நமக்கே மறந்துவிடும்.

அக்கா மகன் பார்த்த மனைக்கு ஒரு அடி மண் அடித்தது உண்மைதான். ஆனால் புலப்படத்தில் கிழக்கு எல்லையை ஒட்டி ஒரு வாய்க்கால் இருந்தது, 2000-களின் படத்தில் அது வளைந்து தெற்கே போய் ஒரு குளத்தில் சேர்ந்தது. இப்போது அதன் மேல் சிமென்ட் ரோடு, குளம் இருந்த இடத்தில் மனை எண் 31 முதல் 40 வரை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "அப்ப வேண்டாம்கிறீங்களா மாமா?" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கார்த்திகையில் ஒரு மழை நாள் போய் அங்கே நின்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடு என்றேன். போய் நின்றிருக்கிறான். இப்போது வேறு இடத்து சர்வே நம்பர் அனுப்பியிருக்கிறான்.